டிவி பார்த்து பறவை ஆசை வந்தவங்களுக்கு: கேளுங்க, சொல்றேன்

டிவியில ஏதாவது பார்த்துட்டு பறவை பக்கம் வந்தவங்க கேளுங்கன்னு போட்டிருந்தேன், நிறைய வந்திருச்சு. முடிஞ்சதுக்கு பதில் போடுறேன்.

கே: அக்கா, நெட்ஃபிளிக்ஸ்ல தி ரெசிடென்ஸ் பார்த்தேன். அந்த டிடெக்டிவ் பொணம் கிடக்குற வீட்ல பைனாகுலர தூக்கிட்டு பறவை தேடுறாங்க. நிஜமா அப்படி இருப்பாங்களா?

ப: இருப்போம் தம்பி, எங்க வீட்ல கேட்டுப் பாரு. 2025ல வந்த 8 எபிசோட், வெள்ளை மாளிகையில கொலை, கார்டீலியா கப்-ங்கிற அந்த டிடெக்டிவா நடிச்சது ஊசோ அடூபா. என்னைக் கேட்டா புதுசா வர்றவங்களுக்கு டாக்குமென்டரிய விட இதுதான் நல்ல பாடம். அந்தம்மா விசாரணையில ஒண்ணுமே பேசாம அப்படியே பார்த்துட்டு நிப்பாங்கல்ல, எதிர்ல இருக்குறவன் தாங்காம தானா உளறுவான். குளத்துல மீன்கொத்தி முன்னாடி நிக்கிறதும் அதே கதைதான், நாம அசையாம இருந்தா ஒரு பத்து நிமிஷத்துல நம்மள மறந்துட்டு அது பாட்டுக்கு வேலையப் பார்க்கும். அப்புறம் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில இருந்தப்போ பறவை லிஸ்ட் எழுதினது நிஜம், கதைக்காக சும்மா சொன்னது இல்ல. ரெண்டாவது சீசன் கேட்காதீங்க, கேன்சல் பண்ணிட்டாங்க.

கே: சினிமாவுல கழுகு கத்தினா புல்லரிக்குது, ஒரிஜினல் குரல் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கே?

ப: அமெரிக்காவோட வெண்தலைக் கழுகுக்கு குரல் மெலிசுதான்ப்பா, அதனால செவ்வால் பருந்தோட குரல எடுத்து ஒட்டிடுவாங்க. டாக்குமென்டரியும் ரொம்ப யோக்கியம்னு சொல்ல முடியாது, தூரத்துல லென்ஸ் வெச்சு எடுக்குறப்போ இறக்கை சத்தம் மைக்ல எங்க விழப்போகுது, ஸ்டூடியோவுல சேர்க்குறதுதான். அட்டன்பரோவோட 1998 லைஃப் ஆஃப் பேர்ட்ஸ் டாக்குமென்டரில லயர்பேர்ட்னு ஒரு ஆஸ்திரேலியப் பறவை கேமரா கிளிக், கார் அலாரம், மரம் அறுக்குற மெஷின் எல்லாம் பண்ணுமே, அது பறவையே பண்ணினதுதான். ஆனா அதுல காட்டின மூணுல ரெண்டு மனுஷங்க வளர்த்தது. காட்டுல இருக்குறது பெரும்பாலும் மத்த பறவைங்களத்தான் காப்பி அடிக்கும்.

கே: ஆன்லைன்ல 20 மடங்கு பைனாகுலர் சீப்பா வருது, வாங்கலாமா?

ப: வேணாம். நானும் முதல்ல அப்படி ஒண்ண வாங்கி, கை லேசா ஆடினாலே படம் ஆடுறதுல மூணு மாசம் ஆடுற மரத்தத்தான் பார்த்தேன். 8 இன்டூ 42 போதும். எட்டு மடங்கு கிட்ட தெரியும், 42ங்கிறது முன்கண்ணாடியோட அகலம், மில்லிமீட்டர்ல. விடிகாலை மங்கல் வெளிச்சத்துலயும் காட்டும்.

கே: என் பையனுக்கு 9 வயசு, எக்ஸ்ட்ராடினரி பேர்டர் பார்த்துட்டு வேடந்தாங்கல் போகணும்னு ஒரே அடம்.

ப: கிறிஸ்டியன் கூப்பரோட ஷோவா, சூப்பர், 2023ல வந்தது, 6 எபிசோட்தான். மனுஷன் ஒரு காலத்துல மார்வெல் காமிக்ஸ்ல எடிட்டர், அதான் பசங்களுக்கு பிடிச்சிடுது. நியூயார்க் எபிசோட திரும்ப போட்டுக் காட்டுங்க, சிட்டிக்குள்ளயே எவ்ளோ பார்க்குறாரு பாருங்க. வேடந்தாங்கல் எங்கயும் ஓடிடாது, குளிர்கால சீசன்ல போய்க்கலாம், முதல்ல மொட்டை மாடி. வீட்டுக் காக்காவுக்கு கழுத்து சாம்பல், அண்டங்காக்கா முழுக் கருப்பு, இத அவனா கண்டுபிடிக்கட்டும், நீங்க சொல்லிடாதீங்க. பொங்கலப்போ பறவை கணக்கெடுப்பு நடக்கும், 15 நிமிஷம் நின்னு பார்த்தத எண்ணி, ஈபேர்ட்னு பறவை பதிவு பண்ற வெப்சைட்ல போட்டா போதும், பசங்களும் சேரலாம்.

கே: மெர்லின் ஆப் சத்தத்த வெச்சே பேர் சொல்லுதே, அத அப்படியே லிஸ்ட்ல எழுதலாமா?

ப: அமெரிக்காவுல இருக்குற கார்னெல் யுனிவர்சிட்டிக்காரங்க ஆப், ஃப்ரீ, நானும் யூஸ் பண்றேன், ஆனா அப்படியே எழுதாதீங்க, சத்தத்த மட்டும் நம்பினா ஏமாந்துடுவோம். எங்க தெரு கரண்ட் கம்பியில ஒரு இரட்டைவால் குருவி உக்காந்துட்டு அச்சு அசல் வல்லூறு மாதிரி கத்தும், சுத்தி இருக்குற மைனா எல்லாம் பதறி ஓடும். நானே ரெண்டு தடவை வல்லூறுன்னு எழுதிட்டு அப்புறம் நிமிர்ந்து பார்த்து அந்தப் பேர அடிச்சு விட்டிருக்கேன்.