ஜிபிஎஸ் இருக்கும்போது விமானத்தில் இனர்ஷியல் கருவி எதற்கு?

"ஜிபிஎஸ் சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லிவிடுகிறதே, ஜைரோ, ஆக்சிலரோமீட்டர் எல்லாம் விமானத்தில் இன்னும் எதற்கு? இரண்டையும் சேர்த்தால் துல்லியம் எப்படிக் கூடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூர் சாங்கியில் விமானங்களின் மின்னணுக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

இரண்டும் தவறுகிற விதமே வேறு. சுழற்சியை அளக்கும் ஜைரோவும் முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரும் சேர்ந்ததுதான் இனர்ஷியல் கருவி. அது வெளியிலிருந்து எந்தத் தகவலையும் எதிர்பார்ப்பதில்லை. முடுக்கத்தை அளந்து, அதிலிருந்து வேகம், வேகத்திலிருந்து இடம் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். விடை மிக வேகமாக, சீராக வரும். ஆனால் ஜைரோவில் உள்ள துளிப் பிழையும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். பயணிகள் விமானத்தில் இருக்கிற நல்ல லேசர் ஜைரோ அமைப்புகூட மணிக்கு ஒரு கடல் மைல் அளவுக்கு விலகக்கூடும். ஜிபிஎஸ் விடை ஒவ்வொன்றும் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும், ஆனால் பத்து மணி நேரம் பறந்தாலும் பிழை வளராது.

இரண்டையும் சேர்த்து வைப்பது கால்மன் ஃபில்டர். 1960இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட கணக்குமுறை. இது வெறுமனே சராசரி எடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொடர்ந்து கவனித்து, இந்த ஜைரோ எந்தப் பக்கம், எவ்வளவு தவறுகிறது என்றே கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறது. இதுதான் இதன் அழகு. ஜிபிஎஸ் திடீரென்று போய்விட்டாலும், சற்றுமுன் திருத்தப்பட்ட ஜைரோ நன்றாகவே தாக்குப்பிடிக்கும். இன்னும் நெருக்கமாக இணைத்த அமைப்பு என்றால், ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லத் தேவையான நான்கு செயற்கைக்கோள்கள் கிடைக்காமல் இரண்டு மூன்று மட்டும் தெரிந்தாலும் அந்த அளவுகளை வீணாக்காது.

நம் சிங்கப்பூருக்கு இது கூடுதல் முக்கியம். நிலநடுக்கோட்டுக்கு அருகில், பொழுது சாய்ந்த பிறகு, வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனமண்டலம் கலங்கும், மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி அதிகமாகவே. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னல் அதில் துடிக்கும், சில நேரம் ரிசீவர் பிடியை விட்டுவிடும். ஆனால் அதே நிலநடுக்கோடு இனர்ஷியலுக்கு நல்லது. புறப்படும் முன், பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதை உணர்ந்துதான் கருவி வடக்கைக் கண்டுபிடிக்கிறது. அந்தச் சுழற்சியின் கிடைமட்டப் பங்கு இங்கே கிட்டத்தட்ட உச்சத்தில் இருப்பதால், துருவத்துக்குப் பக்கத்து ஊர்களைவிட இந்த வேலை இங்கே எளிது.

எனக்கு உள்ள கவலை, ஜிபிஎஸ் போலவே யாராவது அனுப்பும் போலி சிக்னல்தான். அது இடத்தைச் சட்டென்று தாவ வைத்தால் இனர்ஷியல் உடனே காட்டிக்கொடுக்கும். மெல்ல மெல்ல இழுத்தால், ஃபில்டர் அதை ஜைரோவின் பிழை என்று நம்பித் தன் கணக்கையே கெடுத்துக்கொள்ளலாம். அதனால் ஜிபிஎஸ் கலக்காத இனர்ஷியல் விடை ஒன்றும் பக்கத்திலேயே தனியாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பேன். பெரிய பயணிகள் விமானங்கள் பலவற்றில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.