ஜெய்ப்பூரை ஒரே நாளில் பார்ப்பவர்களுக்கு: கேள்வி பதில்

ஜெய்ப்பூரின் கோட்டைகளையும் அரண்மனைகளையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (மதுரை வாசகர்): அலுவல் நிமித்தம் டெல்லி செல்கிறேன். ஜெய்ப்பூருக்கென ஒரு நாள் மட்டுமே ஒதுக்க முடியும். ஆமேர், ஜெய்கர், நாஹர்கர் கோட்டைகள், நகர அரண்மனை, ஹவா மஹால், ஜந்தர் மந்தர், ஜல் மஹால் ஆகிய ஏழையும் காட்டிவிடுவதாக வாடகைக் கார்க்காரர் சொல்கிறார். நடக்குமா?

பதில்: ஒவ்வோர் இடத்தின் வாசலிலும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு உடனே ஏறுவதானால் நடக்கும். அவற்றுள் ஜல் மஹாலுக்குள் எப்படியும் நுழைய முடியாது. மான் சாகர் ஏரியின் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. எஞ்சியவற்றில் ஆமேருக்கு மட்டுமே மூன்று மணி நேரம் வேண்டும். ஆகவே ஆமேர், ஜந்தர் மந்தர், நகர அரண்மனை ஆகிய மூன்றை உள்ளே சென்று நிதானமாகப் பார்த்து, ஹவா மஹாலை வெளியிலிருந்து ரசித்து, மாலையில் நாஹர்கர் ஏறுவதே என் பரிந்துரை. ஜெய்கரை விட்டுவிடலாம்; யாருக்கு அதை விடக் கூடாது என்பதைக் கீழே சொல்கிறேன். டெல்லியிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், முந்தைய இரவே ஜெய்ப்பூர் வந்து தங்கிவிடுங்கள். விடியற்காலையில் டெல்லியில் புறப்பட்டால் ஆமேரின் இதமான பொழுதைச் சாலையிலேயே தொலைத்திருப்பீர்கள்.

கேள்வி (கோவை வாசகர்): எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது? நகரத்தின் நடுவில் தங்குகிறோம்.

பதில்: வரிசையை வெயில்தான் தீர்மானிக்கிறது. ஹவா மஹாலின் முகப்பு கிழக்கு நோக்கியது. காலைக் கதிர் நேராக அதன்மேல் விழும்போதுதான் அந்தச் செந்நிறமும் 953 சிறு பலகணிகளும் துலங்கும், பிற்பகலில் அதே முகப்பு நிழலில் மங்கிக் கிடக்கும். ஆமேர் செல்லும் வழியிலேயே இருப்பதால், காலை ஏழரை மணிக்குள் எதிர் நடைபாதையில் நின்று பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள். சுமார் 11 கிலோமீட்டரில் ஆமேர். கோட்டை எட்டு மணிக்குத் திறக்கும், பெரிய குழுக்கள் வந்து சேர்வதற்குள் உள் முற்றங்களை அமைதியாகப் பார்த்துவிடலாம். பதினொரு மணிக்குக் கீழிறங்கி, ஜல் மஹால் கரையில் பத்து நிமிடம் நின்று, நண்பகலில் ஜந்தர் மந்தர் என்னும் பழைய வானாய்வகத்துக்கு வாருங்கள். உச்சி வெயிலில் போகச் சொல்கிறேனே என்று வியக்க வேண்டாம். வெயில் இல்லாவிட்டால் அங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. மதிய உணவுக்குப் பிறகு நடந்தே போகும் தொலைவில் நகர அரண்மனை, அதன்பின் நாஹர்கர்.

கேள்வி (சேலம் வாசகர்): எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டு கிடைக்குமாமே?

பதில்: கிடைக்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. மாநில அரசின் பொறுப்பிலுள்ள ஆமேர், நாஹர்கர், ஹவா மஹால், ஜந்தர் மந்தர், ஆல்பர்ட் ஹால் முதலியவற்றுக்கு ஒரு கூட்டுச்சீட்டு உண்டு. நகர அரண்மனையும் ஜெய்கரும் முன்னாள் அரச குடும்பத்தைச் சார்ந்த அறக்கட்டளைகளிடம் இருப்பதால், அவற்றுக்குத் தனித்தனியே பணம் கட்ட வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் புறப்படுமுன் அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் கல்லூரி அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லவும்.

கேள்வி (திருச்சி வாசகர்): எழுபது வயதைக் கடந்த பெற்றோருடன் வருகிறோம். ஆமேருக்கு யானைமீது ஏறிச் செல்வது அவர்களுக்கு எளிதாக இருக்குமா?

பதில்: எளிதாக இராது. அம்பாரியில் ஏறி இறங்குவதும், சரிவில் குலுங்கியபடி போவதும் முதியோரின் இடுப்புக்கு ஆகாதவை. அதைவிட முக்கியமாக, கல் பாவிய சரிவுப் பாதையில் வெயில் ஏற ஏற ஆட்களைச் சுமந்து நடக்கும் அந்த விலங்குகளின் நிலை குறித்து விலங்கு நல அமைப்புகள் நெடுங்காலமாக எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றன; அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து. அடிவாரத்திலிருந்து ஜீப்புகள் பின்பக்கச் சாலை வழியே கோட்டை வாசலுக்கு அருகில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து ஜலேப் சௌக் என்னும் முதல் முற்றம் சமதளம்தான். அதன்பிறகு படிகள் வரும். நகர அரண்மனையும் ஜந்தர் மந்தரும் பெரும்பாலும் சமதளமாக இருப்பதால் அங்கே சிரமம் இல்லை. ஹவா மஹாலுக்குள் மேல்தளங்களுக்குச் செல்லச் சாய்தளங்களே பெரும்பாலும் அமைந்துள்ளன. ஆனால் ஒரே நாளில் அத்தனையும் அவர்களை ஏற்ற வேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): ஆமேரில் போர்க்களத்தின் சுவடு எதுவுமே தெரியவில்லை, கோட்டை என்பதைவிட மாளிகை போலத்தான் இருக்கிறது என்று சென்று வந்த நண்பர் சொன்னார். ராஜபுத்திரக் கோட்டை அப்படி இருப்பது ஏன்? உள்ளே எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் நண்பர் சரியாகவே பார்த்திருக்கிறார். முற்றுகைக்குப் பின் முற்றுகையாகத் தாங்கிய, ராஜஸ்தானிலேயே உள்ள சித்தூர்க் கோட்டையின் வரலாறு வேறு, ஆமேரின் வரலாறு வேறு. ஆமேரை ஆண்ட கச்வாஹா மரபினர் 1562இல் அக்பருடன் மண உறவு கொண்டு முகலாயப் பேரரசின் முதன்மைத் தளபதிகளாக விளங்கினர். அவர்களுள் ஒருவரான முதலாம் மான்சிங் 1592இல் இப்போதுள்ள அரண்மனையைக் கட்டத் தொடங்கினார். எதிரி வாசலில் நிற்காத இடத்தில், பேரரசின் பணியில் ஈட்டிய செல்வமும் ஆக்ராவிலும் டெல்லியிலும் கண்ட கலைப்பாணியும் சேர்ந்து கட்டியது இந்த மாளிகை. போர்க்கோட்டை வேண்டுமென்றால் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள், குன்றின் உச்சியில் ஜெய்கர் நிற்கிறது. காவலை அதனிடம் விட்டுவிட்டு ஆமேர் அழகை மட்டும் கவனித்துக்கொண்டது.

உள்ளே செல்லும்போது ஒவ்வொரு முற்றத்தையும் கடக்கக் கடக்க இடம் சிறுத்து, அலங்காரம் கூடிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். படைகள் அணிவகுத்த ஜலேப் சௌக்கில் வெறும் வெளி. அடுத்து மக்களைச் சந்திக்கும் தூண் மண்டபம். அதற்கப்பால் ‘கணேஷ் போல்’ என்னும் பெயர்கொண்ட, ஓவியம் தீட்டிய வாசல். அதன்மேல் உள்ள சல்லடைச் சாளரங்கள் வழியேதான் அந்தப்புரப் பெண்கள் கீழே நடப்பதைப் பார்த்தனர். வாசலைத் தாண்டினால் 17ஆம் நூற்றாண்டில் மிர்ஸா ராஜா ஜெய்சிங் எழுப்பிய பகுதி. ஒருபுறம் கண்ணாடித் துண்டுகள் பதித்த ஷீஷ் மஹால்; எல்லோரும் அங்கேயே கூடி நின்றுவிடுகிறார்கள். நீங்கள் தோட்டத்தைக் கடந்து எதிர்ப்புறம் இருக்கும் சுக் நிவாஸுக்கு வாருங்கள். சுவரிலிருந்து வழிந்து தரைக் கால்வாயில் ஓடும் நீர்மேல் காற்று தவழ்ந்து வந்து அறையைக் குளிர்விக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். பாலை நிலத்து அரசர்களுக்குக் கண்ணாடியைவிட அந்த நீரே பெரிய ஆடம்பரமாக இருந்திருக்கும். தெற்குக் கோடியில் எளிமையாகத் தெரியும் மான்சிங் அரண்மனைதான் இங்குள்ளவற்றுள் மிகப் பழையது. பெரும்பாலோர் கால் ஓய்ந்து அதற்குள் போகாமலே திரும்பிவிடுகிறார்கள்.

கேள்வி (நெல்லை வாசகர்): பத்து வயது மகன் பீரங்கி பார்க்க வேண்டும் என்கிறான். ஜெய்கரை விடச் சொல்லிவிட்டீர்களே!

பதில்: அவனுக்காகத்தான் மேலே ஒரு விதிவிலக்கு வைத்தேன். 1720இல் ஜெய்கரின் சொந்த வார்ப்புச்சாலையிலேயே வார்த்தெடுத்த ஜெய்வாணா பீரங்கி அங்கே இருக்கிறது. எடை ஏறக்குறைய 50 டன், சக்கரத்தின்மேல் ஏற்றிய பீரங்கிகளுள் அக்காலத்தில் மிகப் பெரியது. போரில் அது ஒருமுறைகூட வெடித்ததில்லை, சோதனைக்காக மட்டுமே சுட்டார்கள். குண்டு எத்தனை கல் தொலைவில் விழுந்தது என்று வழிகாட்டிகள் சொல்லும் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். குன்றின் மழைநீரைக் கால்வாய்களில் திருப்பிச் சேமித்த நிலத்தடித் தொட்டிகளையும் அவனுக்குக் காட்டுங்கள். அவற்றினடியில் புதையல் இருப்பதாக நம்பி, நெருக்கடி நிலைக் காலத்தில் மத்திய அரசே தேடிப் பார்த்தது. ஆமேரிலிருந்து நேரே ஜெய்கர் சென்றால், ஈடாக நகர அரண்மனையை விட வேண்டியிருக்கும்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): ஜந்தர் மந்தருக்கு வழிகாட்டி தேவையா?

பதில்: நாள் முழுவதற்கும் ஒரே ஓர் இடத்துக்குத்தான் வழிகாட்டி அமர்த்துவேன் என்றால், இங்கே அமர்த்துங்கள். விளக்கம் இல்லாவிட்டால், எங்கும் போய்ச் சேராத படிக்கட்டுகளும் பளிங்குக் கிண்ணங்களுமாகவே தெரியும். சவாய் ஜெய்சிங் ஐந்து நகரங்களில் கட்டிய வானாய்வகங்களுள் இதுவே பெரியது. 2010 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். சாம்ராட் யந்திரம் என்னும் சூரியக் கடிகாரம் 27 மீட்டர் உயரம். அதன் சரிவு ஜெய்ப்பூரின் அட்சரேகைக்கு ஏற்ப 27 பாகை சாய்ந்திருப்பதால் துருவத்தை நோக்கி நிற்கிறது. நிழல் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்வதைக் கண்ணாலேயே காணலாம். அது காட்டும் நேரம் உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பழுது என்று எண்ண வேண்டாம். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே இருப்பதால் உள்ளூர்ச் சூரிய நேரம் ஏறத்தாழ 27 நிமிடம் பின்தங்கும். பருவத்தைப் பொறுத்து இதிலும் சில நிமிட வேறுபாடு உண்டு.

கேள்வி (ஈரோடு வாசகர்): நகர அரண்மனையில் தவறவிடக் கூடாதது எது?

பதில்: இரண்டு வெள்ளிக் கொப்பரைகள். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக இங்கிலாந்து சென்ற இரண்டாம் மாதோசிங், அயல்நாட்டு நீரைத் தொடக் கூடாதென்று இவற்றில் கங்கை நீர் நிரப்பிக் கப்பலில் கொண்டுபோனார்; ஒவ்வொன்றும் சுமார் 4,000 லிட்டர் கொள்ளும். அடுத்து, பருவங்களைக் குறிக்கும் நான்கு வாசல்கள் கொண்ட பிரீதம் நிவாஸ் முற்றம். அதில் மயில் வாசல் முன்னால் எப்போதும் படம் எடுப்போர் வரிசை இருக்கும். மற்ற மூன்றின் வேலைப்பாடும் அதற்குச் சளைத்ததல்ல.

கேள்வி (சென்னை வாசகர்): இளஞ்சிவப்பு நகரம் என்கிறார்கள், படங்களில் காவி நிறமாக அல்லவா தெரிகிறது?

பதில்: காவியே சரி. 1876இல் வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டி, இரண்டாம் ராம்சிங் ஆட்சியில் இந்த நிறம் பூசியதாக வரலாறு. மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்கு மட்டுமே அது பொருந்தும். நிறத்தைவிட வீதிகளைப் பாருங்கள் என்பேன். ஆமேரில் மக்கள்தொகை பெருகி நீர் போதாமல் போனதால், 1727இல், ஜந்தர் மந்தரைக் கட்டிய அதே சவாய் ஜெய்சிங் தலைநகரைச் சமவெளிக்கு இறக்கினார். வங்காளத்தைச் சேர்ந்த வித்யாதர் பட்டாச்சார்யாவின் துணையோடு, ஒன்பது கட்டங்களாக, நேர்கோட்டு வீதிகளுடன் நகரம் எழுந்தது.

கேள்வி (விருதுநகர் வாசகர்): ஓட்டுநர் இடையிடையே ‘அரசுக் கைவினைக் கூடம்’ என்று எங்காவது அழைத்துச் செல்வாராமே?

பதில்: செல்வார்; பெரும்பாலும் தரகு கிடைக்கும் தனியார் கடைகளே. காலையிலேயே ‘கடை எதுவும் வேண்டாம்’ என்று பேசி வைத்துவிடுங்கள். அச்சுத் துணி வாங்க விரும்பினால் மாலையில் பாபு பஜாரில் நீங்களே பேரம் பேசலாம்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): நாஹர்கரில் சூரியன் மறைவதைப் பார்க்க எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?

பதில்: மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே நகரத்தை விட்டுக் கிளம்புங்கள். வரைபடத்தில் கோட்டை நகரத்தின் தலைக்கு மேலேயே தெரிந்தாலும், வாகனம் ஆமேர்ச் சாலை வரை போய்த் திரும்பி, குன்றின் முதுகில் வளைந்து வளைந்து வர வேண்டும். முதலில் மாதவேந்திர பவனைப் பார்த்துவிடுங்கள். அரசியர்க்கென ஒரே அச்சில் அமைத்த ஒன்பது வீடுகள், அவற்றை இணைக்கும் இடைகழி ஆகியவை விளக்கு வெளிச்சத்தில் விளங்கா. பிறகு மதிலோரம் வந்தால், காலையில் நடந்த வீதிகள் கட்டம் கட்டமாகக் கீழே கிடக்கும். திரும்பும் சாலை இருட்டாகவும் கூர்மையான வளைவுகளோடும் இருக்கும். ஆட்டோவை இறக்கிவிட்டு அனுப்பிவிடாமல், காத்திருக்கச் சொல்லிக் கூலி பேசிக்கொள்ளுங்கள். மேலே வேறு வண்டி கிடைப்பது கடினம்.