ஒன்பது வருடத்தை வீணாக்கினாரா பாடிஸ்டுடா?

கேள்வி: போன இதழில் தென்னமெரிக்க ஸ்ட்ரைக்கர்களைப் பற்றி எழுதும்போது அர்ஜென்டினாவின் கேப்ரியல் பாடிஸ்டுடாவை பிரேசிலின் ரொமாரியோ, ரொனால்டோ வரிசையில் வைத்திருந்தீர்கள். இத்தாலியின் ஃபியோரன்டினா மாதிரி ஒரு சுமாரான கிளப்பில் ஒன்பது வருடத்தை வீணாக்கியவர், கையில் கோப்பையே இல்லாதவர், அவரை எப்படி அந்த வரிசையில் வைக்க முடியும்? விசுவாசம் என்ற பெயரில் ஒரு தவறான முடிவை எல்லோரும் புகழ்ந்துகொண்டிருக்கிறோமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: "கோப்பையே இல்லாதவர்" என்பதை முதலில் எடுத்துவிடலாம், அது உண்மையில்லை. தென்னமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவை 1991இல் அர்ஜென்டினா ஜெயித்தபோது அதிக கோல் அடித்தவர் அவர்தான், 6 கோல். 1993 இறுதி ஆட்டத்தில் மெக்சிகோவை 2-1 என்று வென்றார்கள், அந்த இரண்டு கோலும் அவருடையவை. அதற்கப்புறம் அர்ஜென்டினாவின் சீனியர் அணி ஒரு பெரிய போட்டியை வெல்ல 2021 வரை, அதாவது 28 வருடம் ஆனது. நடுவில் எத்தனை இறுதி ஆட்டங்களில் தோற்றார்கள், மெஸ்ஸி எத்தனை முறை தலைகுனிந்து நின்றார் என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும். இத்தாலியில் ஒரு கோப்பா இத்தாலியா (அந்நாட்டு கிளப்புகளுக்கான கோப்பை), சூப்பர் கோப்பை, ரோமாவுடன் ஒரு லீக் பட்டம். உலகக் கோப்பைகளில் 12 ஆட்டத்தில் 10 கோல். 1994இல் கிரீஸுக்கு எதிராக ஹாட்ரிக், அதாவது ஒரே ஆட்டத்தில் மூன்று கோல், 1998இல் ஜமைக்காவுக்கு எதிராக ஹாட்ரிக். இரண்டு வெவ்வேறு உலகக் கோப்பைகளில் ஹாட்ரிக் அடித்தவர் ஆண்கள் கால்பந்தில் 2022 உலகக் கோப்பை வரை அவர் ஒருவர்தான். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு "கோப்பையே இல்லை" என்று எழுதுவது ஒரு மனிதனின் உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

சரி, ஃபியோரன்டினாவுக்கு வருவோம். உங்கள் கேள்வியின் முள் அங்கேதான் இருக்கிறது.

இவர் பிறவி மேதையாக வந்தவர் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. சாந்தா ஃபே மாகாணத்தில் ரெகோன்கிஸ்டா என்ற ஊரில் வளர்ந்த பையன், அப்பா மாட்டிறைச்சிக் கூடத்தில் வேலை செய்தவர், அம்மா பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். உயரமாக இருந்ததால் சின்ன வயதில் கூடைப்பந்து பக்கம்தான் ஆர்வம். ரொசாரியோவில் நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ் அணிக்கு பயிற்சியாளர் மார்செலோ பியல்சா அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது உடம்பு கனமாக இருந்தது, வேகம் இல்லை, வீட்டையும் காதலியையும் விட்டு ஸ்டேடியத்துக்குள்ளேயே ஒரு அறையில் படுத்துக் கிடந்தார். அடுத்து ரிவர் பிளேட் போனார், அங்கே பயிற்சியாளராக வந்த பசரெல்லா அவரை வெளியே உட்கார வைத்தார். அங்கிருந்து நேர் எதிரியான போகா ஜூனியர்ஸுக்கு மாறினார். அங்கேயும் முதலில் சரிப்படவில்லை. 1991 ஆரம்பத்தில் பயிற்சியாளராக வந்த தபாரெஸ் அவரை ஓரத்திலிருந்து நடுவுக்கு, கோலுக்கு நேர் எதிரே கொண்டுவந்த பிறகுதான் நாம் அறிந்த பாடிஸ்டுடா பிறந்தார். அப்போது அவருக்கு 22 வயது. அந்த வருடமே கோபா அமெரிக்கா, அந்த வருடமே இத்தாலியில் ஃபியோரன்டினா.

மூன்று கிளப்பில் தட்டுத்தடுமாறி மேலே வந்த ஒருவரை ஒரு ஊர் தூக்கிக் கொண்டாடினால் அதன் அருமை அவருக்குத் தெரியாதா?

1992-93 சீசனைப் பாருங்கள். அணியில் டென்மார்க்கின் பிரையன் லாட்ரப் இருந்தார், ஜெர்மனியின் எஃபென்பெர்க் இருந்தார், பாடிஸ்டுடா 16 கோல் அடித்தார். அப்படியும் ஃபியோரன்டினா முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. சீசன் நடுவில், அட்டவணையில் நல்ல இடத்தில் இருக்கும்போதே பயிற்சியாளர் ராதிச்சேவை வெளியே அனுப்பினார்கள், அதற்கப்புறம் அணி சரிந்து விழுந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கீழே இறங்காத கிளப் அது! அர்ஜென்டினாவுக்காகக் கோபா இறுதியில் இரண்டு கோல் அடித்த கையோடு, அதே வருடம் இத்தாலியின் இரண்டாம் பிரிவில் போய் ஆடினார், அங்கேயும் 16 கோல். ரானியேரி பயிற்சியில் அணி ஒரே வருடத்தில் மேலே வந்தது. வந்த முதல் சீசனில், 1994-95இல், முதல் 11 ஆட்டங்களிலும் தொடர்ந்து கோல். முப்பது வருடத்துக்கு மேல் யாரும் தொடாமல் இருந்த பஸ்குட்டியின் சாதனையை உடைத்தார். சீசன் முடிவில் 26 கோல், லீகில் முதலிடம். இப்போதைய இத்தாலிய லீகை மனதில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பார்க்காதீர்கள். அந்தக் காலத்தில் எதிரே நின்றவர்கள் பரேசி, மால்தினி மாதிரி தடுப்பாட்டக்காரர்கள், ஒரு கோல் அடித்தால் அதை வைத்தே ஆட்டத்தை முடித்துக்கொள்ளும் அணிகள். அங்கே, தன்னைவிடப் பலம் கூடிய அணிகளுக்கு எதிராக அடித்த கோல் அது.

அவருடைய ஷாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. யோசித்து, நிதானித்து, மூலையில் தள்ளுகிற ஆள் இல்லை. பந்து காலுக்கு வந்த மாத்திரத்தில் இடுப்பைத் திருப்பி முழுப் பலத்தோடு அடிப்பார், கோல்கீப்பர் கையைத் தூக்குவதற்குள் வலை ஆடும். 1999 அக்டோபரில் லண்டன் வெம்ப்ளியில் இங்கிலாந்து கிளப்பான ஆர்சனலுக்கு எதிராக வலது ஓரத்தில் கோலே தெரியாத கோணத்திலிருந்து கோல்கீப்பர் சீமனைத் தாண்டித் தூர மூலையில் அடித்தாரே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவில்லையென்றால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு கோலில் ஆர்சனல் சாம்பியன்ஸ் லீகை விட்டு வெளியே போனது. 1996இல் சான் சிரோவில் மிலானின் சொந்த மைதானத்தில் சூப்பர் கோப்பை, 2-1, இரண்டும் இவர் அடித்தது. கேமராவிடம் ஓடி "இரினா, உன்னைக் காதலிக்கிறேன்" என்று மனைவி பெயரைச் சொல்லிக் கத்தினார். 1997இல் பார்சிலோனாவின் மைதானத்தில் கோல் அடித்துவிட்டு, அத்தனை பெரிய கூட்டத்தைப் பார்த்து வாயில் விரல் வைத்து நின்றார். ஊதா சட்டை போட்ட ஒரு நடுத்தரக் கிளப் ஐரோப்பாவின் பெரிய வீடுகளுக்குள் போய் இப்படி நிற்க முடிந்தது என்றால் அது யாரால்? இதற்கா வீண் என்று பெயர்?

லீகையே ஜெயித்திருக்க வேண்டிய வருடம் ஒன்று உண்டு, அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. 1998-99. டிராபட்டோனி பயிற்சியாளர், நடுவில் ரூயி கோஸ்டா, முன்னால் பாடிஸ்டுடாவுடன் பிரேசிலின் எட்முண்டோ. சீசன் பாதியில் ஃபியோரன்டினாதான் முதலிடம். ஃபியோரன்டினா கடைசியாக லீக் ஜெயித்தது 1969இல், பாடிஸ்டுடா பிறந்த வருடம். 1999 பிப்ரவரியில் மிலானுக்கு எதிரான ஆட்டத்தில் பாடிஸ்டுடா காயம்பட்டு வெளியேறினார். அதே சமயத்தில் எட்முண்டோ ரியோ கார்னிவலுக்காக ஊருக்குப் போய்விட்டார், ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் இருந்தது. இரண்டு பேரும் இல்லாமல் அணி புள்ளிகளை இழந்தது, பட்டம் மிலானுக்குப் போனது, ஃபியோரன்டினா மூன்றாவது. பாடிஸ்டுடா சில வாரம் இல்லாததும் சேர்ந்துதான் பட்டம் கைநழுவியது. அவர் அந்த அணிக்கு என்னவாக இருந்தார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போது "விசுவாசம்" என்ற உங்கள் வார்த்தை. இதில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். சிலர் அவரை ஒரே கிளப்புக்கு உயிரைக் கொடுத்த துறவி மாதிரி எழுதுகிறார்கள், அது சரியில்லை. 2000இல் 31 வயதில் 70 பில்லியன் லிராவுக்கு ரோமாவுக்குப் போனார். பட்டம் வேண்டும் என்றுதான் போனார், அதை மறைக்கவும் இல்லை. கிளப்புக்கும் பணம் தேவைப்பட்டது, இரண்டே வருடத்தில் அது திவாலாகி நான்காம் பிரிவிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வந்தது. கபெல்லோ பயிற்சியளித்த ரோமாவில் முதல் சீசனிலேயே 20 கோல். 2001 ஜூன் 17, பார்மாவுக்கு எதிரான கடைசி ஆட்டம், டோட்டி ஒரு கோல், மோன்டெல்லா ஒன்று, மூன்றாவது இவர். 18 வருடத்துக்கு அப்புறம் ரோமாவுக்கு லீக் பட்டம்.

ஆனால் அதே சீசனில், 2000 நவம்பரில், ஃபியோரன்டினா ரோமுக்கு வந்து ஆடியது. கடைசிக் கட்டம் வரை 0-0. அப்புறம் தூரத்திலிருந்து, பந்து காற்றில் இருக்கும்போதே, அந்தப் பழைய பாணியில் ஒரே அடி. ஜெயித்த கோல். ரோமா வீரர்கள் அவர் மேல் விழுந்து கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள், அவர் கண்ணில் தண்ணீரோடு நிற்கிறார். வேலையை வேலையாகச் செய்தார், விட்டு வந்த ஊருக்காக அழவும் செய்தார். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும். அவரை விசுவாசி என்றோ ஏமாளி என்றோ ஒரு பெட்டிக்குள் அடைக்க வேண்டிய அவசியம் நமக்கு என்ன?

உண்மையில் நீங்கள் வருத்தப்பட வேண்டிய இழப்பு வேறு. அவருடைய கணுக்கால்கள். 2005இல் கத்தாரில் ஆட்டத்தை நிறுத்திய உடனேயே நடக்க முடியாமல் போனது. 2014இல் அர்ஜென்டினா தொலைக்காட்சியில் அவரே சொன்னார்: விடியற்காலை 4 மணிக்குப் படுக்கையிலேயே சிறுநீர் கழித்திருக்கிறார், கழிப்பறை மூன்று மீட்டர் தூரத்தில்தான், ஆனால் காலைத் தரையில் வைத்தால் வரும் வலியை நினைத்து எழவில்லை. டாக்டரிடம் போய் இரண்டு காலையும் வெட்டிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார், செயற்கைக் காலோடு ஓடிய பிஸ்டோரியஸைக் காட்டி அதுதான் தீர்வு என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் மறுத்துவிட்டார். குருத்தெலும்பு தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்த கால் அது. முதலில் ஒரு அறுவை சிகிச்சையில் கணுக்காலை ஸ்க்ரூ போட்டு அசையாமல் கட்டினார்கள், பிறகு 2019இல் சுவிட்சர்லாந்தில் செயற்கை மூட்டு வைத்தார்கள்.

ஆட வேண்டியதற்கு மேல் ஆடினேன் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மாட்ரிட்டுக்கோ மான்செஸ்டருக்கோ போயிருந்தாலும் இதே கால்களோடுதான் ஆடியிருப்பார், அங்கே இன்னும் அதிக ஆட்டங்கள். உங்கள் கணக்குப்படி நாலைந்து பதக்கம் கூடியிருக்கும், வலி குறைந்திருக்காது. ஃபியோரன்டினாவுக்காக முதல் பிரிவில் அவர் அடித்த 152 கோல், அந்தக் கிளப்பில் வேறு யாரும் அத்தனை அடித்ததில்லை. 2014இல் கிளப்பின் புகழ்பெற்றோர் வரிசையில் அவரைச் சேர்க்கக் கூப்பிட்டபோது, ரோமாவுக்குப் போய்ப் பட்டம் வென்ற ஆள் என்று தெரிந்தும் கிளப்பின் ஊரான புளோரன்ஸ் அவரைக் கொண்டாடியது. அவர் அங்கேயும் அழுதார்.