சாலை வேலை நடக்கும் இடத்தில் லாரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கோடு போட்ட பெட்டி எதற்கு?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஒரு லேனை மூடி வேலை பார்க்கும்போது, ஆட்களுக்குப் பின்னால் கனமான லாரி ஒன்று நிற்கும். மேலே அம்புக்குறி விளக்குப் பலகை. பின்புறம் மஞ்சளும் கறுப்புமாகச் சாய்வுக் கோடு போட்ட பெட்டி. அதுதான் மோதல் மெத்தை. கவனிக்காமல் வருகிற கார் ஆட்கள் மேல் பாயாமல் இதில் வந்து இடிக்கட்டும் என்பதே ஏற்பாடு.

மெத்தை என்றாலும் உள்ளே பஞ்சு கிடையாது. பல மாடல்களில் இருப்பது தேனடை வடிவ அலுமினியம். இடித்ததும் அது மடங்கி மடங்கி நசுங்கும். நசுங்குவதுதான் அதன் வேலையே! காரின் இயக்க ஆற்றல் உலோகத்தை மடக்குவதில் செலவாகிறது, கார் நிற்க எடுக்கும் தூரமும் கூடுகிறது. அரை மீட்டரில் நிற்க வேண்டிய கார் 3 மீட்டரில் நின்றால், சராசரி விசை ஆறில் ஒரு பங்காகிவிடும். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுக்கிறோமே, அதே கணக்கு.

சரி, எவ்வளவு மெத்தென்று செய்வது? எனக்குப் பிடித்த சிக்கல் இதுதான். சின்ன காருக்குக் கெட்டியாகவும் இருக்கக்கூடாது, பெரிய வண்டிக்குப் பத்தாமலும் போகக்கூடாது. அதனால் சாலைப் பாதுகாப்புச் சாதனங்களைச் சோதிக்க அங்குள்ள ‘மாஷ்’ (MASH) விதிமுறையின் மூன்றாம் நிலைச் சோதனையில், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 1,100 கிலோ காரையும் 2,270 கிலோ பிக்கப்பையும் மோதவிட்டுப் பார்க்கிறார்கள்.

லாரி ஆட்களை ஒட்டியே நின்றால்தான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பிரேக் போட்டிருந்தாலும் மோதிய வேகத்தில் லாரி முன்னால் தள்ளப்படும், அதனால்தான் நடுவில் வேண்டுமென்றே இடம் விட்டு நிறுத்துகிறார்கள்.