சாலிட்வொர்க்ஸ் டிராயிங்: ஏ-ஏ வெட்டுத்தோற்றத்தில் போல்ட்டிலும் கோடு விழுகிறது

சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி வடிவமைப்பு மென்பொருளில், ஏ-ஏ வெட்டுத்தோற்றத்தில் (செக்‌ஷன் வியூ) போல்ட்டும் வெட்டுப்பட்டு அதன் மேல் ஹேட்ச் எனும் சாய்கோடுகள் விழுகின்றன, அதை எப்படி நீக்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த செக்‌ஷன் வியூவில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறவுங்கள். செக்‌ஷன் ஸ்கோப் தாவலுக்குப் போய், டிராயிங்கில் அந்த போல்ட்டைச் சொடுக்கிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஒரே போல்ட் பல இடங்களில் இருந்தால், எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி கேட்கும் பெட்டியையும் டிக் செய்யுங்கள். ஓகே கொடுத்ததும் போல்ட் வெட்டுப்படாமல் முழுசாக நிற்கும், ஹேட்ச் போய்விடும்.

போல்ட், நட் போன்ற ஃபாஸனர்களை வெட்டாமல் விடும் 'எக்ஸ்க்ளூட் ஃபாஸனர்ஸ்' பெட்டியை டிக் செய்தும் வேலை செய்யவில்லை என்கிறீர்கள். அநேகமாக அந்த போல்ட் டூல்பாக்ஸிலிருந்து (சாலிட்வொர்க்ஸின் ஆயத்த பாகங்களின் நூலகம்) வந்ததாக இருக்காது. நீங்களே வரைந்ததாகவோ சப்ளையர் தளத்தில் இறக்கியதாகவோ இருக்கும். அதை ஃபாஸனர் என்று மென்பொருள் அறியாது.

இதைச் சரிசெய்ய, போல்ட்டின் பார்ட் ஃபைலைத் திறந்து, ஃபைல் மெனுவில் பிராப்பர்ட்டீஸ், கஸ்டம் தாவலில் 'இஸ்ஃபாஸனர்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்து மதிப்பு 1 கொடுத்துச் சேமியுங்கள். அப்புறம் டிராயிங்கை ரீபில்ட் செய்யுங்கள். இனி அந்த போல்ட் வரும் எல்லா அசெம்ப்ளியிலும் இது உதவும் என்பதால் எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்.

ஒன்று கவனம்: ரிப்பையும் (பாகத்துக்கு வலுவூட்டும் மெல்லிய தகடு போன்ற பகுதி) செக்‌ஷன் ஸ்கோப் தாவலில் விலக்கலாம், ஆனால் அது ரிப் கட்டளையில் செய்ததாக இருக்க வேண்டும். எக்ஸ்ட்ரூட் செய்த ரிப்பை அது ஏற்காது.