ஒன்பது மாதம் கப்பல், ஆறு மாதம் ஊர்: லீவில் கரையும் சம்பளத்தை என்ன செய்வது?

கேள்வி: ஐயா, தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தவன், வயது 31. வெளிநாட்டுக் கம்பெனியின் சரக்குக் கப்பலில் ஏ.பி.யாக (டெக் பிரிவில் தேர்ந்த மாலுமி) இருக்கிறேன். கப்பலுக்குப் போக ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. மாதம் ரூ.1,30,000 வரும், 9 மாத கான்ட்ராக்ட். வீட்டுக்கடன் தவணை 18,000 சேர்த்து வீட்டுக்கு மாதம் 60,000 அலாட்மென்ட் போகும். 10.10.2024 அன்று சைன் ஆன் செய்து, 9.7.2025 அன்று இறங்கினேன். ஊருக்கு வந்தபோது பேங்கில் 5 லட்சம் இருந்தது. இன்று, அக்டோபர் 10-ல், மிச்சம் 90,000. மூன்று மாத வீட்டுச் செலவு 1,80,000, தங்கை மகள் காதுகுத்துக்கு மாமன் சீர் 60,000, விட்டுப்போன மொய் 20,000, நண்பர்கள் இரண்டு பேருக்குக் கைமாற்று 1,50,000. ஒவ்வொரு லீவிலும் இதே நிலைதான். கம்பெனி அடுத்த கப்பல் ஜனவரி 20 வாக்கில் என்கிறது. ஏஜென்ட் ஒருவர், “ஜனவரி 7-க்குள் ஏறாவிட்டால் இந்த வருடச் சம்பளம் முழுவதற்கும் டேக்ஸ் கட்ட வேண்டிவரும்; 80,000 கொடுத்தால் டிசம்பரிலேயே கப்பல்” என்கிறார். கொடுக்கலாமா? நண்பர்களுக்கு எப்படி இல்லை என்று சொல்வது?

பதில்: ஏஜென்ட்டுக்குப் பத்துப் பைசாகூடக் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் சம்பளம் எவ்வளவு என்பதைச் சரியாகப் பார்ப்போம், ஏனென்றால் அது 1,30,000 இல்லை.

கப்பலில் கொடுக்கும் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பேசிக், ஃபிக்ஸட் ஓவர்டைம், அதற்குக் கீழே லீவ் பே என்று ஒரு வரி இருக்கும். உங்கள் விடுமுறைச் சம்பளம் அந்த வரியில் மாதாமாதம் வந்து, மற்ற பணத்தோடு சேர்ந்து செலவாகியும் விடுகிறது. 2006-ன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்லும் குறைந்தபட்ச விடுமுறை, வேலை செய்த மாதம் ஒன்றுக்கு இரண்டரை நாள். ஒன்பது மாதத்துக்கு 22 நாள் சொச்சம். உங்கள் கான்ட்ராக்ட்டில் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். எப்படி இருந்தாலும் நீங்கள் ஊரில் இருப்பது ஐந்து, ஆறு மாதம்.

ஆக, 9 மாதச் சம்பளம் 11,70,000. இதை ஒன்பதால் வகுக்கக் கூடாது. அடுத்த கப்பலில் ஏறும்வரை உள்ள எல்லா மாதங்களாலும் வகுக்க வேண்டும். லீவு ஐந்து மாதம் என்றால் 14-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 83,500. இந்த முறைபோல ஆறரை மாதம் இழுத்தால் 75,500. இதுதான் உங்கள் சம்பளம். அப்படிப் பார்த்தால் மாதம் 60,000 வீட்டுக்குக் கொடுப்பது ஊதாரித்தனம் இல்லை. ஆனால் அதற்கு மேல் பெரிதாக எதுவும் மிஞ்சாது என்பதும் தெரிந்துவிடும்.

உங்கள் கணக்கில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. மாதம் 60,000 போக 70,000 மிஞ்சினால் ஒன்பது மாதத்தில் 6,30,000 சேர்ந்திருக்க வேண்டும். வந்தது 5 லட்சம். அந்த 1,30,000 இறங்குவதற்கு முன்பே போய்விட்டது: கப்பலில் வாங்கிய கேஷ் அட்வான்ஸ், இன்டர்நெட் கார்டு, பாண்டட் ஸ்டோர் (கப்பலுக்குள் இருக்கும் கடை) சாமான், துறைமுகங்களில் வாங்கிய போன், சென்ட். லீவில் செய்த மாமன் சீரையும் மொய்யையும் கூட்டினாலே 80,000தான். ஊரில் செய்த செலவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். கப்பலில் செய்தது யார் கண்ணிலும் படாது. அடுத்த முறை மாதக் கடைசியில் போர்ட்டேஜ் பில்லில் (கப்பலின் சம்பளக் கணக்குத் தாள்) கையெழுத்துப் போடும்போது பிடித்தம் என்னென்ன என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

அடுத்த கான்ட்ராக்ட்டிலிருந்து மாதம் மிஞ்சும் 70,000-ஐ இப்படிப் பிரிக்கச் சொல்வேன். மொத்தம் 6,30,000-ல், லீவில் ஐந்து மாத வீட்டுச் செலவுக்கு 3,00,000. ஊர் வந்து உறவு, நட்பு, கோயில், கல்யாணம் என்று சுற்ற 1,20,000. கோர்ஸ், மெடிக்கல், பாஸ்போர்ட் போன்ற காகிதச் செலவுக்கு 50,000. மீதி 1,60,000 சேமிப்பு. அதை லீவில் தொடுவதில்லை.

லீவு மாதங்களுக்கான பணத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சம்பளம் நேராக உங்கள் என்.ஆர்.இ. கணக்குக்கு (வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வரட்டும். என்.ஆர்.இ. டெபாசிட்டின் குறைந்தபட்சக் காலம் ஓர் ஆண்டு. அதற்குள் உடைத்தால் வட்டியே கிடையாது. ஆகவே கடைசி மூன்று மாதச் சம்பளத்தை டெபாசிட் போட்டுவிட்டு லீவில் உடைப்பது வீண் வேலை. ஆனால் முதல் இரண்டு மாத மிச்சத்தை, மாதம் 70,000 வீதம், ஓராண்டு டெபாசிட்டாகப் போட்டுப் பாருங்கள். முதல் மாதக் கடைசியில் போட்டது, நீங்கள் இறங்கி நான்கு மாதம் முடியும்போது முதிரும். அடுத்தது ஐந்து மாதம் முடியும்போது. அதாவது, லீவின் ஐந்தாவது, ஆறாவது மாதச் செலவுக்கான பணம், கை வறளும் நேரத்தில் தானாக வந்து விழும். வந்த முதல் வாரத்தில் யார் கேட்டாலும் “டெபாசிட்டில் கிடக்கிறது, உடைத்தால் வட்டி போய்விடும்” என்று சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

லீவு தொடங்கியதும் வீட்டுக்கணக்குக்கு அதே தேதியில் அதே 60,000 போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துவிடுங்கள். கப்பலில் இருந்தாலும் ஊரில் இருந்தாலும் வீட்டுக்கு வருவது ஒரே தொகை. உங்கள் மனைவிக்கும் இது நிம்மதி. கணவர் வந்ததும் ஒரு வரவுசெலவு, போனதும் ஒரு வரவுசெலவு என்று மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

மொய்யைப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் செலவு என்று நினைத்து எரிச்சல்படுவதில் பயனில்லை. பாதிக்கு மேல் திருப்பிச் செய்ய வேண்டிய பாக்கிதான். எவ்வளவு வரும் என்பது உங்கள் வீட்டு மொய் நோட்டிலேயே இருக்கிறது. கான்ட்ராக்ட்டின் எட்டாவது மாதத்தில் மனைவியிடம் போனில் கேட்டு, நீங்கள் இல்லாதபோது நடந்த விசேஷங்கள், லீவில் வரப்போகும் விசேஷங்கள், அவர்கள் நமக்கு எழுதியது என்ன என்று பட்டியல் போடுங்கள். இன்னும் நல்லது, விசேஷம் நடக்கும்போதே மனைவியோ அப்பாவோ போய் எழுதிவிடுவது. ஒன்பது மாத மொய்யை ஒரே மாதத்தில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, “கப்பல்காரர்” என்பதற்காகக் கூட்டி வைக்கத் தோன்றும். 1,001 எழுத வேண்டிய இடத்தில் 5,001 வைப்பீர்கள். நாளை அவர்கள் அதைத் திருப்பிச் செய்யத் திணறுவார்கள். மாமன் சீர் வேறு, அதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் காதுகுத்து எப்போது என்பது ஆறு மாதம் முன்பே தெரியும். 1,20,000-க்குள் அதற்கு முதல் இடம்.

நண்பர்களுக்கு எப்படி மறுப்பது என்றால், மறுக்க வேண்டியதில்லை. எல்லை வைத்தால் போதும். லீவுக்கு 25,000 என்று ஒதுக்குங்கள், திரும்பி வராது என்று நினைத்தே. அது தீர்ந்ததும் “இந்தத் தடவை கொடுத்தது முடிந்தது” என்று சொல்லிவிடலாம். எந்தக் கைமாற்றையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பிடிபட்டால் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். வங்கி வழியாகப் போனால் தேதியும் தொகையும் பதிவாகும், கேட்கும்போது சங்கடம் குறையும். இப்போது வெளியில் இருக்கும் 1,50,000-க்கு, இரண்டு பேரிடமும் நேரில் போய், “ஜனவரியில் ஏறுகிறேன், நவம்பர் கடைசிக்குள் பாதியாவது வேண்டும்” என்று தேதி வைத்துக் கேளுங்கள். நீங்கள் கப்பல் ஏறிவிட்டால் அந்தக் கடன் இன்னும் ஒன்பது மாதம் தூங்கும். மனைவியை அனுப்பிக் கேட்க வைப்பது நடக்கிற காரியமில்லை.

இனி வரி. இந்திய வருமானம் குறைவாக உள்ள உங்களைப் போன்ற மாலுமி, நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் இங்கே வசிப்பவர். குறைந்தால் வெளிநாடு வாழ் இந்தியர். 365 நாளில் 184 நாள் வெளியே இருக்க வேண்டும் என்று கப்பலில் எல்லோரும் சொல்வது இதைத்தான். 2025-26-ல் உங்களுக்கு ஏப்ரல் 1 முதல் ஜூலை 9 வரை 100 நாள் ஆகிவிட்டது. இன்னும் 84 நாள் வேண்டும். மார்ச் 31-லிருந்து பின்னோக்கி எண்ணினால் மார்ச் 31, பிப்ரவரி 28, ஜனவரியில் 25. ஆக ஜனவரி 7. ஏஜென்ட் சொன்ன தேதி சரிதான். மனிதர் கணக்கில் கெட்டி. ஜனவரி 20-ல் ஏறினால் 171 நாள்தான் தேறும், இந்த ஆண்டுக்கு நீங்கள் இங்கே வசிப்பவர் ஆவீர்கள்.

ஆனால் அதற்காக வரி வருமா? இந்த நிதியாண்டில் நீங்கள் கப்பலில் இருக்கும் 171 நாளுக்குச் சம்பளம் ஏறக்குறைய 7,30,000. புதிய வரிமுறையில் 2025-26-க்கு, இங்கே வசிப்பவரின் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானம் இருந்தால் மட்டும் அதற்குத் தனிக் கணக்கு. உங்களுக்கு அப்படி எதுவும் இல்லையென்றால் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. இல்லாத வரிக்குப் பயந்து 80,000 கொடுக்கச் சொல்கிறார். இதே நிலையில் ஒரு சீஃப் இன்ஜினியர் இருந்து, அவருடைய வரிக்குரிய வருமானம் 33 லட்சம் என்றால் செஸ் சேர்த்து 5.9 லட்சம் கட்ட நேரிடும். அவர் தேதியைப் பார்த்துப் பதற வேண்டும். நீங்கள் வேண்டாம்.

தவிர, வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்குவது சட்டப்படி குற்றம். ஆர்.பி.எஸ்.எல். எனப்படும் மாலுமி ஆள்சேர்ப்பு உரிமம் உள்ள நிறுவனமா என்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். உரிமம் உள்ளவர்களும் மாலுமியிடம் கமிஷன் கேட்கக் கூடாது.

வரி இல்லை என்பதற்காக ரிட்டர்ன் போடாமல் இருந்துவிடாதீர்கள். இங்கே வசிப்பவராகும் ஆண்டில் வெளிநாட்டு வங்கிக் கணக்கு ஏதாவது இருந்தால் அதை ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். விட்டால் அபராதம் கடுமை. கெடு 2026 ஜூலை 31. அப்போது நீங்கள் கடலில் இருப்பீர்கள், எனவே ஆடிட்டரிடம் சி.டி.சி.யின் (மாலுமியின் பணிப் பதிவுப் புத்தகம்) சைன் ஆன், சைன் ஆஃப் பக்கங்கள், பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரை உள்ள பக்கங்கள், சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றின் நகலையும் போவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இந்தியத் துறைமுகத்தில் ஏறி வெளிநாடு போகும் கப்பலுக்குச் சி.டி.சி. தேதிதான் கணக்கு, விமானத்தில் போய் வெளிநாட்டில் ஏறினால் பாஸ்போர்ட் முத்திரை பேசும். இரண்டுக்கும் ஓரிரு நாள் வித்தியாசம் வரும் என்பதால், 184-ஐத் தொட்டுக்கொண்டு நிற்காமல் ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

இப்போதைய நெருக்கடிக்கு வருவோம். ஜனவரி 20-ல் ஏறினால் பிப்ரவரி முதல் வாரத்தில் கைக்கு வருவது பத்துப் பன்னிரண்டு நாள் சம்பளம்தான். ஆகவே இன்றிலிருந்து நான்கு மாதத்துக்குப் பணம் வேண்டும். வீட்டுச் செலவை 45,000-ஆகச் சுருக்கினால் 1,80,000. காகிதச் செலவுக்கு 30,000. மொத்தம் 2,10,000, கையில் 90,000. துண்டு விழுவது 1,20,000. நண்பர்களிடமிருந்து 75,000 வந்தால் மீதி 45,000-க்கு மனைவியின் நகையில் வங்கி நகைக்கடன் வாங்குங்கள். ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று வைத்தாலும் ஆறு மாதத்துக்குச் சுமார் 2,000 ரூபாய்தான். நண்பர்கள் கைவிரித்தால் முழு 1,20,000-க்கும் அதே வழி, வட்டி 5,400. பர்சனல் லோன், மீட்டர் வட்டி பக்கம் போகாதீர்கள். முதல் இரண்டு மாத மிச்சம் டெபாசிட்டுக்குப் போவதால், ஏறிய மூன்றாவது, நான்காவது மாத மிச்சத்தில் நகையை மீட்டுவிடுங்கள்.

அந்தக் காகிதங்களை இந்த வாரமே எடுத்து மேஜையில் பரப்பிக் காலாவதித் தேதிகளைப் பாருங்கள். கடலில் உயிர்பிழைத்தல், தீயணைப்புப் பயிற்சிகளை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நீங்கள் ஆறு வருட மாலுமி என்பதால் முதல் சுற்று முடிந்திருக்க வேண்டும், முடிந்ததா? மெடிக்கல் சான்று இரண்டு ஆண்டுதான். கம்பெனி கூப்பிட்ட பிறகு ஏதாவது ஒன்று காலாவதி என்று தெரிந்தால் அந்த இடம் வேறொருவருக்குப் போகும். உங்களுக்கு இன்னொரு மாதம் 45,000 செலவு.

கம்பெனியின் மருத்துவக் காப்பு பெரும்பாலும் சைன் ஆஃப் ஆனதோடு நின்றுவிடும். குடும்பத்துக்கு 10 லட்சத்துக்கு ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பம் முழுவதற்கும் ஒரே மருத்துவ பாலிசி) எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. என்.ஆர்.இ. கணக்கை இயக்க மனைவிக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்தால், நீங்கள் கடலில் இருக்கும்போது வீட்டுச் செலவு, தவணை எல்லாம் அவரே கட்டலாம். ஆனால் அந்தப் பவரை வைத்து உங்கள் சார்பில் யாருக்கும் அன்பளிப்பாகப் பணம் எடுத்துத் தர முடியாது. மொய்ப்பணத்தை அவருடைய வீட்டுக்கணக்குக்கு முன்கூட்டியே அனுப்பி வையுங்கள். போகும்போது வங்கியில் பதிந்த சிம்முக்கு முழுக் காலத்துக்கும் ரீசார்ஜ் போட்டுவிட்டுப் போங்கள்.