செய்வினை, சூனியம் உண்மையா? அறிவியலை நம்புகிறவர் கோயிலுக்குப் போகலாமா?

இது இரண்டு கேள்வி. என் பதிலும் வேறு வேறு.

நல்லூர்த் திருவிழாவுக்கு நான் போகிறேன். தேர் அசையும்போது சனம் ‘அரோகரா’ என்று எழுப்பும் சத்தத்தில் கண் கலங்கிவிடும். அந்த உணர்வை யாருக்கும் நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால், ஒருவர் தகடு புதைத்தால் இன்னொருவருக்கு வருத்தம் வரும் என்பது சோதித்துப் பார்க்கவேண்டிய கூற்று.

யாழ் மத்திய கல்லூரியில் படிப்பித்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்று இல்லாமல் அற்புத சக்தியைக் காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாகச் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை எவரும் வெல்லவில்லை.

மந்திரவாதி தேசிக்காயை வெட்ட இரத்தம் வருகிறதா? கத்தியில் மெதைல் ஒரேஞ்ச் கரைசலைப் பூசிக் காயவிட்டு வெட்டுங்கள். அமிலம் பட்டதும் மஞ்சள் சிவப்பாகும். உயர்தரத்தில் இரசாயனம் படித்த எவருக்கும் தெரிந்த காட்டிதான் அது. (அந்தத் தேசிக்காயை வாயில் வைக்கவேண்டாம்.)

‘செய்வினை கழித்தபிறகு சுகமானதே?’ என்பார்கள். சரி, பல வருத்தங்கள் தானாகவே மாறும். பயம் போனால் நித்திரையும் பசியும் திரும்பும். எனக்குக் கோபம் வருவது, காதில் குரல் கேட்கிறது என்று அழுகிற பிள்ளையை மாதக்கணக்காகக் கழிப்புக்குக் கூட்டித் திரியும்போதுதான். யாழ் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலை, காசு கேட்கமாட்டார்கள். நூல் கட்ட விருப்பமென்றால் கட்டுங்கள், ஆனால் முதலில் பிள்ளையை அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.